வெற்றுக் கிண்ணங்கள் மின்னிய மாதங்கள்

ஓஸ்லோவுக்கு வந்த முதல் வருடம் வேலையிடத்தில் என்னிடம் யாரும் பேசவில்லை. இதைக் குறையாகச் சொன்னால் நார்வேக்காரர்கள் வருத்தப்படுவார்கள். அவர்கள் என்மீது வைத்திருந்த மரியாதையால்தான் பேசாமல் இருந்தார்கள். நான் திருச்சிக்காரன். எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் நாலு பேர் பேசுவோம், ஒருவரும் காது கொடுக்க மாட்டோம். அப்படி வளர்ந்தவனை ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, காலையில் ஒரு 'ஹாய்', மாலையில் விடைபெற ஒரு 'ஹா தெ' என்று விட்டுவிட்டால் அவன் என்ன ஆவான்? நான் குளிர்சாதனப் பெட்டியிடம் பேச ஆரம்பித்திருந்தேன். அது அவ்வப்போது உறுமும் என்பதால் பதில் கிடைத்த மாதிரியும் இருந்தது.

என் வேலை, ரத்தத்தில் இருக்கும் புரத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. கேட்பவர்களுக்கு நான் இதை எவ்வளவு நேரம் விளக்குவேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். மூட்டுவாத நோயாளிகளின் ரத்தத்தில் ஓர் அழற்சிப் புரதம் இருக்கிறது. நோய் தணிந்திருக்கும்போது அது சாதாரணப் பரிசோதனைக்குத் தட்டுப்படாத அளவு குறைந்துவிடும். எங்கள் கருவிக்குத் தட்டுப்படும். ரத்த மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகளைக் கலப்போம். ஒவ்வொரு மணியின் மேலும் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள் பூசியிருக்கும். பெரும்பாலான மணிகள் வெறுங்கையோடு திரும்பும். சில மணிகள் மட்டும் ஆளுக்கொரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு வரும். பிடித்துவந்த மணி கருவிக்குள் மின்னும். மின்னுவதை எண்ணினால் விடை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மாதிரிகளை ஊற்றும் பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். சில கிண்ணங்களில் ரத்தம் வைக்காமல் வெறும் கரைசலை மட்டும் ஊற்றுவோம். அந்த வெற்றுக் கிண்ணங்கள் இருட்டாக இருக்க வேண்டும். அவை மின்னினால், எங்கிருந்தோ அந்தப் புரதம் வந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பேராசிரியர் அதிகம் பேசாத அம்மையார். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வெற்றுக் கிண்ணம் சுத்தமாக இல்லாவிட்டால் நோயாளிகளின் ரத்தத்தைத் திறக்கக் கூடாது." நோயாளிகள் கொடுத்த ரத்தம் உறைபெட்டியில் காத்திருந்தது.

முதல் வருடம் கருவியைப் பழகிச் சரிபார்க்கும் ஒத்திகைதான். வெற்றுக் கிண்ணங்கள் கிணற்று இருட்டாக இருந்தன. எல்லாம் என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் பிறகு அக்கா என்று கூப்பிடப்போகிறவர் வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடங்களில் நெடுநாள் இருந்துவிட்டு எங்கள் குழுவுக்கு வந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். முதல் நாள் கையுறை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் தமிழோ?"

என் காதில் தேன் வந்து பாய்ந்தது. "ஆமாங்க! திருச்சி. நீங்க?"

"யாழ்ப்பாணம். ஆனா சின்னனிலையே இஞ்சை வந்திட்டம். ரொம்சோஸிலைதான் வளர்ந்தனான். இப்பவும் அங்கைதான் இருக்கிறன்."

நான் குரோருட்டில் இருந்தேன். சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு அடுத்த நிறுத்தம் அவருடையது. காலையில் நான் ஏறும்போதே அவர் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து ரயிலில் பேச்சு, இறங்கி நடக்கையில் பேச்சு, ஆய்வுக்கூட மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டுகளை நிரப்பும்போதும் பேச்சு. ஒரு வருடமாக அடைத்துக் கிடந்த மதகு அது. தட்டை நிரப்பும்போது முகக்கவசம் போட வேண்டும் என்று விதி இருந்தது. போட்டுக்கொண்டுதான் இருந்தேன், தாடையில். வாய்க்கு மேல் இருந்தால் என் சொற்கள் அக்காவுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

சில வாரங்களில் வெற்றுக் கிண்ணங்கள் மின்ன ஆரம்பித்தன.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். வடிகட்டியை மாற்றினோம், மின்னியது. தட்டுகளைச் சந்தேகித்தேன். வேறு பெட்டி திறந்தோம், மின்னியது. கூரையில் இருந்த காற்றுக்குழாயைச் சந்தேகித்து, கட்டடப் பராமரிப்பு ஆளை வரவழைத்து, அவர் ஏணியில் நிற்கும்போது கீழே நின்று காற்றோட்டத்தின் தத்துவத்தை அவருக்கு விளக்கினேன். அவர் இறங்கி, குழாயில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு செய்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. எங்கள் குழுவில் ஒரு நார்வேக்காரர் இருந்தார். மார்புவரை இறங்கும் செம்பட்டைத் தாடி. அவர் அந்த அறைக்குள் வாரத்தில் ஓரிரு முறை உறைபெட்டியைத் திறக்க மட்டும் வருவார். வாராந்திரக் கூட்டத்தில் நான் எழுந்து, முகத்தில் இருக்கும் ரோமத்திலிருந்து தோல் துகள்கள் உதிர வாய்ப்புண்டு என்றும், இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன் என்றும், யாரையும் குறிப்பிடவில்லை என்றும் மிக நாகரிகமாகப் பேசினேன். அந்த அறையில் தாடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அது கடுங்குளிர் காலம். மறுநாள் அவர் மழமழவென்று சிரைத்த முகத்தோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். எனக்கு யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்றுகூடத் தோன்றியது.

கிண்ணங்கள் இன்னும் கூடுதலாக மின்னின.

"அந்த மனுசன் பாவம்" என்றார் அக்கா.

"அறிவியல்ல பாவ புண்ணியம் கிடையாதுக்கா" என்றேன் நான், திறந்த தட்டின் மேல் குனிந்தபடி.

மிச்சம் இருந்தது மணிகளையும் கரைசல்களையும் விற்ற நிறுவனம். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் தரக் கட்டுப்பாடு எனக்கு ஆழ்ந்த கவலை அளிக்கிறது என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது எனக்கே புல்லரித்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டுப் புதுச் சரக்கு அனுப்பினார்கள். அதுவும் மின்னியது. இன்னும் கடுமையாக எழுதினேன். மறுபடி அனுப்பினார்கள். கூடவே பணிவாக ஒரு கேள்வி: தட்டை நிரப்பும்போது எல்லோரும் முகக்கவசம் அணிகிறீர்கள்தானே? எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது கட்டாயம், இப்படிப்பட்ட அடிப்படைக் கேள்விகளைத் தவிர்த்தால் நன்றாக இருக்கும் என்று பதில் போட்டேன். அதை எழுதும்போதும் கவசம் என் தாடையில் இருந்தது.

இந்த நிலையில் எனக்கு ஞானப்பல் வலி வந்தது. பல் வைத்தியர் கீழ்த்தாடையில் ஒன்றைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அடைத்து, சில நாட்களுக்கு அதிகம் பேச வேண்டாம் என்றார். பேச நினைத்தாலும் முடியாது. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அந்த முகத்தை ஊருக்குக் காட்ட வெட்கப்பட்டு, வீட்டிலிருந்து கிளம்பும்போதே முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வாரம் அக்கா கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். அவரும் தனியாகக் கதைத்துக் களைத்து, பேசாமல் வேலை செய்தார்.

வெற்றுக் கிண்ணங்கள் அத்தனையும் இருட்டு!

புதுச் சரக்கு நல்ல சரக்கு என்று முடிவுக்கு வந்தேன். வீங்கிய கன்னத்தோடு நிறுவனத்துக்கு ஒரு வெற்றிக் கடிதம் எழுதினேன். என்னுடைய விடாமுயற்சியால்தான் உங்கள் தரம் உயர்ந்திருக்கிறது என்பதை அதில் இரண்டு இடங்களில் குறிப்பிட்டேன். அவர்கள் நன்றி தெரிவித்தார்கள். கன்னத்து வீக்கம் வடிந்தது. அதே சரக்கு, அதே தட்டுகள், அதே தண்ணீர். ஆனால் அடுத்த வாரமே மறுபடி மின்னியது.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புலம்பினேன். என் மனைவி கணினி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றேன். "எல்லாமே சுத்தம். இந்த வாரம் என்ன ஆச்சுன்னே புரியல."

"எனக்கும்தான் போன வாரம் நல்லா இருந்துச்சு. வீடு அவ்ளோ அமைதி. ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சேன்." அப்புறம் தலையைத் தூக்கினாள். "ஏங்க, அந்தப் பக்கமும் ஒரு பல்லு இருக்குல்ல? அதையும் எடுத்துட்டா என்ன?"

வாயில் போட்ட சோறு அப்படியே நின்றது. எச்சிலில் அந்த அழற்சிப் புரதம் ரத்தத்தில் இருப்பதைவிட ஏராளமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. படித்திருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் படம் போட்டு விளக்கியும் இருக்கிறேன். ஆனால் எச்சில் என்றால் நோயாளிகளின் எச்சில் என்றே என் மனம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் வாய் இருக்கிறது, அதிலும் எச்சில் ஊறுகிறது, பேசினால் தெறிக்கிறது என்று யோசிக்கத் தோன்றவே இல்லை.

"என்ன ஆச்சு? காரமா?" என்றாள்.

"இல்ல, நீ சொன்னது சரியா இருக்குமோன்னு..."

"பல்லு பிடுங்கறதா?"

மறுநாள் காலை ரயிலில் ஏறியதும் அக்காவிடம் சொன்னேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்கா."

"என்ன, கொம்பனிக்காரர் பிழையை ஒத்துக்கொண்டிட்டினமோ?"

"கம்பெனி இல்லக்கா. நம்ம வாய்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "எங்கடை வாயோ, உம்மடை வாயோ?"

"அத சோதிச்சுப் பாத்துடலாம்."

மூன்று தட்டுகள் எடுத்தோம். மூன்றிலும் வெறும் கரைசல் மட்டும். முதல் தட்டை நிரப்பும்போது இருவரும் கவசம் போட்டு, வாய் திறக்காமல் இருந்தோம். இரண்டாவதில் கவசமில்லாமல் அக்கா மட்டும் பேசினார். அவர் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நிதானமாக, உதடு அதிகம் பிரியாமல் கதைத்து முடித்தார். மூன்றாவது என் முறை. கவசத்தைத் தாடைக்கு இறக்கி, வழக்கம்போல் தட்டின் மேல் குனிந்தேன்.

பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு நேராத ஒன்று அது. பேசு என்று கட்டளையிட்டதும் தலைக்குள் எல்லாம் காலி.

"கதையுமன்" என்றார் அக்கா.

"என்னத்தப் பேசறதுக்கா?"

"ஐயோ, இவ்வளவு நாளும் என்னத்தைக் கதைச்சனீர்? அதையே கதையும்."

"நினைவு வரலையே."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு கவசத்துக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் குறை நினைச்சுச் சொல்லேல்லை. ஆனா உங்கடை ஊர்ச் சாம்பார் எனக்குச் சரிவராது. இனிப்பு."

"இனிப்பா? திருச்சி சாம்பார்ல யாரு வெல்லம் போடுவாங்கக்கா? நீங்க எங்கயோ ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு..."

"சாம்பாரை விடும். நீங்கள் கதைக்கிறது தமிழோ? பஸ்ஸை கேட்ச் பண்ணினேன், லஞ்ச் முடிச்சேன், டயர்டா இருக்கு. இதிலை எங்கை தமிழ் கிடக்கு?"

அதோடு போயிற்று. "நீங்க மட்டும் சுத்தமாக்கும்?" என்று ஆரம்பித்தேன். "நேத்து ரயில்ல 'மகளின்ரை ஃபொரெல்ட்ரமோத்தெக்குப் போகவேணும்'னு சொன்னீங்களே, பெற்றோர் கூட்டம்னு சொன்னா வாய் வலிக்குமா? 'பார்ணஹாகெ'ங்கறீங்க, 'லேகெ'ங்கறீங்க, பாலர் பள்ளின்னு சொல்லக் கூடாதா, டாக்டர்னு சொல்லக் கூடாதா?"

"டாக்டர் தமிழோ?"

"அது பழகிப்போன பேச்சு! புழக்கத்துல இருக்கிற எல்லாமே..." பெற்றோர், பாலர் பள்ளி, பழகிப்போன பேச்சு, புழக்கம். இப்போது யோசித்தால், உதடு வெடிக்கும் சொல்லாகப் பொறுக்கித்தான் பேசியிருக்கிறேன். கை பாட்டுக்கு, கரைசலை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட்டால் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டே இருந்தது. தட்டு முடிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அக்காதான் மூடியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

பிற்பகலில் முடிவு வந்தது. பேசாத தட்டு இருட்டு. அக்காவின் தட்டில் அங்கங்கே ஒன்றிரண்டு கிண்ணங்களில் மட்டும் லேசாகப் புள்ளிகள். என் தட்டைத் திரையில் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் தாடைக்கு நேர் கீழே இருந்த வரிசைகள் தீபாவளி. வலது மூலை இன்னும் மோசம். அக்கா என் வலப்பக்கம் நிற்பார், ஆவேசம் வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்புவேன். அந்தப் படத்தை வைத்து என் வாய் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று ஒரு காவல்துறை அதிகாரி சொல்லிவிடலாம்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். "என்ரை தட்டிலையும் கொஞ்சம் கிடக்குத்தான்" என்றார். "எண்டாலும் தம்பி, உம்மடையது வேறை லெவல்."

அந்த வாரக் கூட்டத்தில் மூன்று படங்களையும் வரிசையாகப் போட்டேன். எந்தப் படம் எதற்கு என்று சொல்லி முடித்ததும் அறையில் சத்தமில்லை. நார்வேக்காரர்கள் சத்தமில்லாமல் இருப்பது வழக்கம் என்பதால் அது கோபமா, சிரிப்பை அடக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஒப்பீட்டுத் தட்டுகள் சரியாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். "நல்ல சோதனை." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கூட்டம் முடிந்ததும் தாடிக்காரரிடம் போனேன். அப்போது அவருக்கு மறுபடி விரற்கடை அளவு முளைத்திருந்தது. என் அரைகுறை நார்வேஜிய மொழியில், உங்கள் தாடிமேல் பழி போட்டது தவறு, நான் முட்டாள், எவ்வளவு வருத்தப்பட்டாலும் போதாது என்று தொடங்கி நீளமாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, "குளிராக இருந்தது" என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் மதியம் அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அதுவரை அவர் மேசையின் மறுகோடியில்தான் உட்காருவார்.

நிறுவனத்துக்கும் எழுத வேண்டியிருந்தது. என் மன்னிப்புக் கடிதம் புகார்க் கடிதங்களைவிட நீளமாக வந்தது. அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "இதை வாசிச்சு முடிக்க அவைக்கு ஒரு லீவு நாள் வேணும்" என்று சொல்லி மூன்று வரியாக வெட்டினார். அவர்கள் கோபப்படவில்லை. அந்தப் படத்தைப் பெயர் குறிப்பிடாமல் பயிற்சி வகுப்புகளில் காட்டலாமா என்று மட்டும் கேட்டார்கள். சம்மதித்தேன். இன்றைக்கும் எங்கோ ஒரு வகுப்பில், தட்டின் மேல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக என் எச்சில் திரையில் மின்னிக்கொண்டிருக்கலாம். என் ஆராய்ச்சிகளில் இத்தனை பேர் பார்த்தது வேறு எதுவும் கிடையாது.

அதன்பின் புது ஒழுங்கு வந்தது. தட்டு திறந்திருக்கும்வரை கவசம் மூக்குக்கு மேல், பேச்சு கிடையாது. முதல் சில நாட்கள் எனக்கு நெஞ்சை அடைத்தது. வாய்க்குப் பதிலாகக் கையால் பேசப் பார்த்து, பிப்பெட் முனைகள் அடுக்கிய பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். அக்கா குனிந்து பொறுக்கினார். கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் சிரித்தன. அதற்குப் பிறகு கையையும் அடக்கிக்கொண்டேன்.

வெற்றுக் கிண்ணங்கள் இருண்டன. இருண்டே இருந்தன. பேராசிரியர் தலையசைத்த பிறகு உறைபெட்டியிலிருந்து நோயாளிகளின் ரத்தத்தை எடுத்தோம். சின்னச் சின்னக் குழாய்கள், எண்கள் மட்டும் ஒட்டியவை. அவற்றைப் பனிக்கட்டிமேல் அடுக்கும்போதுதான் உறைத்தது. இவ்வளவு மாதங்களாகத் தண்ணீர், தாடி, காற்றுக்குழாய் என்று நான் துரத்திக்கொண்டிருந்தபோது, விரல் மடக்க முடியாத யாரோ சிலர் ஊசி குத்திக் கொடுத்த ரத்தம் இந்தப் பெட்டிக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அவர்கள் என்னை நம்பிக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. என்னை அவர்களுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

அன்று ஒரு சொல் பேசாமல் தட்டை நிரப்பினோம். முடிவு வந்தபோது வெற்றுக் கிண்ணங்கள் இருட்டாக இருக்க, நோய் தணிந்தவர்கள் என்று மருத்துவர்கள் சொன்ன சிலரின் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி தெரிந்தது. நோய் முழுதாகப் போகவில்லை, உள்ளே எங்கோ கனன்றுகொண்டிருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு. வேறு கருவியில் அது தெரிந்திருக்காது. பேராசிரியர் வந்து பார்த்து, "ஃபின்ட்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் ஒருமுறை தட்டினார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மாலை ரயிலில் உட்கார்ந்ததும் அக்காவிடம் ஆரம்பித்தேன். அந்த முடிவுக்கு என்ன பொருள், அடுத்து எந்த நோயாளிகளைப் பார்க்க வேண்டும், மருந்தைக் குறைக்கலாமா கூடாதா என்று மருத்துவர்கள் இதை வைத்து எப்படி முடிவெடுக்கலாம், நம் ஊரில் இந்தக் கருவி வந்தால் எப்படி இருக்கும் என்று விளக்கிக்கொண்டே போனேன். எதிரில் இருந்தவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டார். கதவு திறந்தது, மூடியது, திறந்தது.

"தம்பி" என்றார் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, "இது ரொம்சோஸ். உம்மடை இடம் போயிட்டுது."

திரும்பிப் போகும் ரயிலுக்கு நிற்காமல் மேட்டிலிருந்து குரோருட்டுக்குப் பனியில் நடந்தே இறங்கினேன். தாமதமாகும் என்று சொல்ல மனைவியைக் கூப்பிட்டேன். ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டுமானால் அன்றைய முடிவிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா, அங்கிருந்தே தொடங்கினேன். அவள் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நான் வீடு சேரும்வரை சொல்லி முடிக்கவில்லை.